நாற்பத்தொரு காலடி

தொக்மோக்
பிப்ரவரி 12

கனிஷாய்,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? கேட்டாகிவிட்டது. இனி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

நேற்று தொழிலாளர் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் சமரசம் பேசும் ரஹத். உன் அக்கா வீட்டுக்காரர் குபான் பேசினார். நான் பேசினேன். நீ உன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். “உனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லும்மா” என்று ரஹத் மூன்று முறை கேட்டாள். பூட்ஸ் பதில் சொல்லட்டும் என்று நீ விட்டுவிட்டாய் போலிருக்கிறது. வாய் திறக்காத பெண்ணுக்கு எழுதிப் பாருங்கள், கடிதங்களை நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்று கடைசியில் அவள்தான் சொன்னாள். எனக்குத் துணி வெட்டத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியும். கடிதம் எழுதி இருபது வருடம் ஆகிறது.

குபான் கொடுத்த புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? “நோயுற்ற தொழிலாளிக்கு ஏற்ற இடம் தரவில்லை.” இடம் தரவில்லையாம். முப்பத்தாறு பேர் தைக்கிற கூடத்தில் தோர் ஒன்றுதான் உண்டு. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரோரம், முதுகுக்குப் பின்னால் கம்பளம், பக்கத்திலேயே கணப்பு. எந்த வீட்டிலும் மதிப்புள்ள விருந்தாளியை உட்கார வைக்கிற இடம் அது. அக்டோபரில் உன்னை அங்கே உட்கார வைத்தேன். பதினேழு வயதில் யாருக்கு அது கிடைக்கும்? என் மகள் அய்சாதா தையல் கற்றபோது வாசல் பக்கம்தான் உட்கார்ந்தாள். உனக்குச் சிறுநீரகக் கோளாறு, குளிர் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கணப்புக்குப் பக்கம்.

ஜனவரியில் நீ மெஷின் மேலேயே மயங்கி விழுந்தபோது ஆம்புலன்சில் உன்னோடு வந்தது யார்? குபானா?

நீ வேலை கேட்டு வந்த முதல் நாள், பாதிக் கிண்ணம் பாதிக் கிண்ணமாக நாலு தடவை உனக்குத் தேநீர் ஊற்றினேன். சீக்கிரம் கிளம்பட்டும் என்று நினைத்திருந்தால் விளிம்பு வரை ஒரே தடவை ஊற்றி அனுப்பியிருப்பேன். அது உனக்குப் புரியாமல் போகாது.

என்ன வேண்டும் உனக்கு? எழுது.

புருல்


பிப்ரவரி 16

மதிப்புக்குரிய புருல் அக்காவுக்கு,

கனிஷாய் எழுதுவது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

உடம்பு பரவாயில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது.

புகார் கொடுத்தது எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அத்தான் அதைப் படித்துவிட்டு, “ஏன் இதையெல்லாம் அங்க சொல்லல?” என்று கேட்டார். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

ஆம்புலன்சில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. உங்கள் மோதிரம் குளிர்ந்து இருந்தது.

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவதில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். எனக்குப் பழைய இடம் வேண்டும். வாசல் பக்கம், வெட்டு மேசைக்கு அடுத்த மெஷின். அங்கே எட்டு மாதம் நன்றாகத் தைத்தேன். வேறு எதுவும் வேண்டாம்.

கனிஷாய்


பிப்ரவரி 19

கனிஷாய்,

முடியாது.

வேறு எதையாவது கேள். கணப்பை மாற்றித் தருகிறேன். முதுகுக்கு நல்ல மெத்தை போட்ட நாற்காலி வாங்கித் தருகிறேன். தினம் அரை மணி முன்னதாக வீட்டுக்குப் போ, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாசல் வேண்டாம்.

வாசலில் யார் உட்காருவார்கள் என்று உனக்குத் தெரியாதா? புதிதாக வந்த மருமகள். திட்டு வாங்கிய பிள்ளை. இன்னும் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகப் போகிறவன். நீ அங்கே இருந்த எட்டு மாதமும் இதை நான் யோசிக்கவில்லை. மெஷின் காலியாக இருந்தது, உட்கார வைத்தேன். அக்டோபரில் காராகோலிலிருந்து துணி வியாபாரி வந்தார், அந்த வெள்ளைத் தாடிக்காரர். உள்ளே நுழைந்ததும் உன்னைத்தான் பார்த்தார். யார் பிள்ளை என்று கேட்டார், சொன்னேன். “தாயில்லாப் புள்ள, ஒடம்புக்கும் முடியாத புள்ள, அதுக்கு வாசல்லதான் எடமா புருல்?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கொடுத்த தேநீரைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. அன்று மதியமே உன் மெஷினை நாலு பேரைத் தூக்கச் சொல்லி மேலே, தோருக்குக் கொண்டு வந்தேன்.

இப்போது நீ மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு மறுபடி உன்னை வாசலில் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? புகார் கொடுத்ததற்குப் பழி வாங்குகிறாள் என்று சொல்லும். ரஹத்திடமும் இதையே சொன்னேன். “காரணம் தெரியாம முடியாதுன்னு சொல்லாதீங்க, முதல்ல காரணத்தக் கேளுங்க” என்றாள்.

சரி, கேட்கிறேன். ஏன் வாசல்? வெளிச்சம் இல்லையா மேலே? நான் என் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பதா? காரணத்தைச் சொல். காரணம் இல்லாமல் மெஷினை நகர்த்தமாட்டேன்.

புருல்


பிப்ரவரி 25

புருல் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ரஹத் அக்காவும் படிக்கக் கூடாது என்று கேட்டேன். ஒட்டிக் கொடு, பிரிக்கமாட்டேன் என்று சொன்னார். படித்ததும் நீங்கள் கணப்பில் போட்டுவிடுங்கள்.

எனக்கு அடிக்கடி வெளியே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சில நாள் அதற்கும் மேல். அடக்கக் கூடாது என்பது மருத்துவர் சொன்னது. தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். அந்தத் தாளில் இதுதான் எழுதியிருக்கிறது.

வாசல் பக்கம் இருந்தபோது நான் போவதும் வருவதும் யாருக்கும் தெரியாது. துணிக் கட்டு எடுக்க எழுந்த மாதிரி எழுவேன். கதவு அங்கேயே இருந்தது. பக்கத்து மெஷின் குல்சானாவுக்கு மட்டும் தெரியும், அவள் எதுவும் கேட்டதில்லை. நான் வருவதற்குள் என் பங்குக்கு இரண்டு காலரைத் தைத்து வைத்திருப்பாள்.

தோரிலிருந்து வாசலுக்கு நாற்பத்தொரு காலடி. இரண்டு பக்கமும் மெஷின்கள். நான் எழுந்ததும் தலைகள் நிமிரும். முதல் வாரம் சும்மா பார்த்தார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். “வழி விடுங்கடி, பெரியாத்தா கெளம்பிட்டாங்க” என்று ஒருத்தி சொல்வாள். “இப்பத்தான ஆத்தா போய்ட்டு வந்தீங்க, அதுக்குள்ளயா?” என்று இன்னொருத்தி. எல்லாரும் சிரிப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சூரா அம்மா பதினாலு வருடமாகத் தைக்கிறார். நடு வரிசையில்தான் இருக்கிறார். நான் அவருக்கு மேலே உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் என்னைக் கேலி செய்யவில்லை. கத்தரிக்கோல் கேட்டால் மட்டும் “இல்ல” என்று சொல்வார். கத்தரிக்கோல் அவர் மடியிலேயே இருக்கும்.

தேநீர் வேளையில் எல்லாரும் வாசல் பக்கம் சமோவாரைச் சுற்றி உட்காருவார்கள். எனக்கு என் இடத்துக்கே வந்துவிடும், கிண்ணம் நிறைய, விளிம்பு வரை. கொண்டு வந்து வைத்துவிட்டு உடனே போய்விடுவார்கள். அது என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும் அக்கா.

நான் அதைக் குடிக்கவில்லை. நவம்பரிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. காலையில் வீட்டில் ஒரு மிடறு, மாலையில் வீட்டில் ஒரு மிடறு. குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜனவரியில் விழுந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஒரே கடிதத்தோடு போகட்டும். எட்டாம் வகுப்பில் கணக்குத் தேர்வு. “மணி அடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது” என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மணி அடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. என்னால் முடியவில்லை.

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. பூட்ஸ் கிழிந்துவிட்டது, பனியில் நடக்க முடியாது என்று வீட்டில் சொன்னேன். அக்கா கடன் வாங்கிப் புது பூட்ஸ் வாங்கித் தந்தாள். அப்போதும் போகவில்லை. நீங்கள் அலுவலகத்தில் பார்த்தது அந்த பூட்ஸ்தான்.

கனிஷாய்


மார்ச் 2

கனிஷாய்,

உன் கடிதத்தைக் கணப்பில் போட்டுவிட்டேன். நீ என்ன எழுதியிருந்தாய் என்று ரஹத் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படித்த பிறகு கொஞ்ச நேரம் உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து எழுந்து வாசலுக்கு நடந்தேன், எண்ணிக்கொண்டே. உன் கணக்கு சரி. நான் நடக்கும்போது எல்லாத் தலையும் நிமிர்ந்தது. எனக்கே கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரையும் நான் திட்டவில்லை, பயப்படாதே. திட்டினால் ஏன் என்று கேட்பார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. இந்தக் கட்டடம் முன்பு கம்பளிக் கிடங்கு. பின்சுவரில் மூட்டை ஏற்றுகிற கதவு ஒன்று இருந்தது என்று நினைவு வந்தது. கம்பளத்தைக் கழற்றிப் பார்த்தேன். பலகை அடித்து மூடியிருந்தார்கள். சனிக்கிழமை ஆள் வைத்து உடைத்தேன். புதுக் கதவு, புதுக் கீல், குளிர் வராமல் உள்பக்கம் தடித்த கம்பளித் திரை. உன் நாற்காலியிலிருந்து எழுந்தால் மூன்று அடியில் கதவு. கதவிலிருந்து கழிப்பறைக்குப் பன்னிரண்டு அடி. எவளையும் நீ தாண்டிப் போக வேண்டாம். எவளும் உன்னைப் பார்க்கமாட்டாள். கம்பளம் என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது. அதைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன், போகட்டும்.

தண்ணீருக்கு மூடி போட்ட கூஜா ஒன்றும் வாங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை வா. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு இதை முடித்துக்கொள்வோம்.

புருல்


மார்ச் 6

புருல் அக்காவுக்கு,

நான் திங்கட்கிழமை வராததால் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். “ஒனக்காக செவுத்தையே ஒடைச்சிருக்காங்க, இன்னும் என்னடி வேணும் ஒனக்கு?” என்று என் அக்காவுக்கும் கோபம். அத்தான்கூட உங்கள் பக்கம் வந்துவிட்டார்.

எனக்கு யாரும் இவ்வளவு செய்ததில்லை. ராத்திரி படுத்தால் அந்தக் கம்பளம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கதவு வழியாக நான் போனால் யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள். அது உண்மைதான். காலையில் அந்த வழியாக வந்து, நடுவில் அந்த வழியாகப் போய், சாயங்காலம் அந்த வழியாகவே வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு நாள் முழுக்க ஒருத்தியும் என்னைப் பார்க்க வேண்டியதில்லை.

எனக்குப் பேச வராது அக்கா. வாசல் பக்கம் இருந்தபோதும் நான் பேசியதில்லை. குல்சானா அவள் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வெட்டு மேசைக்காரர், “மாமியா கதை போதும், காலரத் தலகீழா வச்சுத் தைக்கிற பாரு” என்று கத்துவார். நூல் தீர்ந்தால் யாராவது என் பக்கம் ஒரு கண்டைத் தூக்கிப் போடுவார்கள். நான் பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான். அதில் என் பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு நடக்கிற இடத்தில் இருந்தேன். மேலே வந்த பிறகு மெஷின் சத்தத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் சிரிப்பது தெரியும், எதற்கு என்று தெரியாது. என்னைப் பார்த்தா, வேறு எதற்கா என்று யோசித்துக்கொண்டே ஒரு கட்டு முழுக்கத் தப்பாகத் தைத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பிரித்தீர்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். வாசல் தாழ்ந்த இடம் என்பது எனக்கும் தெரியும். என்னை யாரும் அங்கே தள்ளவில்லை, நானே கேட்டேன் என்று ரஹத் அக்காவின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வெள்ளைத் தாடிக்காரர் வந்தால் அவரிடமும் சொல்கிறேன். சொல்ல வராவிட்டால் அந்தத் தாளைக் காட்டுகிறேன்.

அதுவும் முடியாதென்றால் நான் வேலைக்கு வரவில்லை. முதலாளி எல்லாம் செய்தார், நானாகத்தான் நின்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். புகார் உங்களைத் தொடாது.

வேண்டாம் என்று ஒருத்தரிடம் நான் சொல்வது இதுதான் முதல் தடவை. தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

கனிஷாய்


மார்ச் 15

கனிஷாய்,

ஒன்பது நாளாக உனக்குப் பதில் எழுதவில்லை. முதல் மூன்று நாள் கோபம். நீ நினைத்தது சரிதான். பிறகு வேறு.

நேற்று ரஹத் தாள்களை ஒழுங்கு செய்ய வந்தாள். எது எப்போது நடந்தது என்று தேதி வாரியாகக் கேட்டு எழுதினாள். அய்சாதா எப்போது கொரியா போனாள் என்று கேட்டாள், தைக்கிறவர்களின் பட்டியலில் அவள் பெயரும் இருந்ததால். செப்டம்பர் இருபத்தெட்டு என்றேன். உன் மெஷினை எப்போது நகர்த்தினீர்கள் என்றாள். அக்டோபர் ஐந்து என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். அவள் போன பிறகு நான் அந்த இரண்டு தேதியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளைத் தாடிக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் வியாபாரிகள் எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்குமா மெஷினை நகர்த்தினேன்?

என் கண்ணாடி அறை கூடத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் முப்பத்தாறு மெஷினும் ஒரே இரைச்சல். அய்சாதா கணக்கு எழுத அந்த அறையில்தான் என்னோடு உட்கார்ந்திருப்பாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள், “சாப்ட்டியாம்மா” என்று கேட்கிறாள், வைத்துவிடுகிறாள். நீ தோருக்கு வந்த பிறகு அந்த இரைச்சலில் உன் மெஷின் மட்டும் தனியாகக் கேட்டது. ஒவ்வொரு தையலின் முடிவிலும் கொஞ்சம் நின்று, அப்புறம் தொடங்கும். யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். நவம்பர், டிசம்பர் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கிண்ணம் தொடாமல் ஆறிக் கிடந்ததைக் கண்ணாடி வழியாகத் தினமும் பார்த்தேன். தேநீர் பிடிக்காத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மரியாதை கொடுத்தேன் என்று அலுவலகத்தில் சத்தம் போட்டவள் நான்.

உன் மெஷின் வாசலுக்குப் போய்விட்டது. வெட்டு மேசைக்கு அடுத்து, பழைய இடம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரும் கேட்கக் கூடாது என்று தாளில் எழுதியாயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவைப் பத்து நிமிடம் கையில் வைத்திருந்தேன் என்று ரஹத் சிரிக்கிறாள்.

நீ வேண்டாம் என்ற கதவை மூடவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிற பெண்கள் இரண்டு பேர் அந்த வழியாகத்தான் போகிறார்கள். சூரா முழங்கால் வலிக்காரி, அவளும். தோரில் சூராவை உட்காரச் சொன்னேன். “எனக்கு எதுக்கு, குளுரு வரும்” என்றாள். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

புருல்


மார்ச் 23

புருல் அக்காவுக்கு,

தாளில் கையெழுத்து ஆன பிறகு கடிதம் தேவையில்லை, நேரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று ரஹத் அக்கா சொன்னார். மூன்று நாளாக முயற்சி செய்தேன். கண்ணாடி அறைக்கு வந்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்களும் துணி மாதிரியைப் புரட்டிக்கொண்டு, “என்ன, நூல் வேணுமா?” என்று கேட்டீர்கள். வேண்டும் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்துவிட்டேன். என்னிடம் இப்போது ஆறு கண்டு வெள்ளை நூல் இருக்கிறது. அதனால் இதை முடித்த காலர்க் கட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். சரிபார்க்கப் பிரிக்கும்போது உங்கள் கைக்கு வரும்.

தண்ணீர் குடிக்கிறேன். கூஜா காலியானால் குல்சானா நிரப்பிவிடுகிறாள். “பெரியாத்தா எறங்கி வந்துட்டாங்க” என்று முதல் நாள் ஒருத்தி சொன்னாள். சூரா அம்மா, “சும்மா இருடி” என்றார். மதியம் அவர் கத்தரிக்கோலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார், நான் கேட்கவில்லை.

இங்கேயிருந்து பார்த்தால் உங்கள் அறையின் விளக்கு தெரிகிறது. ஆள் தெரியவில்லை. என் மெஷின் சத்தம் உங்களுக்கு இப்போது தனியாகக் கேட்காது என்று நினைக்கிறேன். அதை யோசித்தேன். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று தேநீர் வேளையில் நீங்கள் அறையை விட்டு வெளியே வந்தீர்கள். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் பார்த்தேன். காலி நாற்காலியைத் தாண்டி, நடு வழியில் நடந்து வந்தீர்கள். தலைகள் நிமிர்ந்ததும் பொத்தான் அலமாரி முன்னால் நின்றீர்கள். ஒரு பெட்டியைத் திறந்து, மூடி, திரும்பிப் போய்விட்டீர்கள். அந்தப் பெட்டியில் பொத்தான் இல்லை. நான் மயங்கி விழுவதற்கு முன்பிருந்தே காலிப் பெட்டி.

பொத்தான் அலமாரி பத்தொன்பதாவது அடியில் இருக்கிறது. எனக்கு மனப்பாடம். அங்கே வரைக்கும்தான் மிகவும் கஷ்டம். மீதி இருபத்திரண்டு அடி அவ்வளவு கஷ்டம் தெரியாது.

நீல விளிம்பு போட்ட உங்கள் கிண்ணத்தைக் கழுவி சமோவார் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தேநீர் நாலு மணிக்கு. வாசல் பக்கம் என்னோடு பெஞ்சில் இடம் இருக்கிறது. நான் ஒன்றும் பேசமாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவேன்.

கனிஷாய்